அப்பாவின் ரெக்கார்டிங் கேசட்டுகள்: குழுவில் போடலாமா?

காவிரிக்கரையான்:
அப்பா போன வருடம் தவறினார். பரணிலிருந்து 112 கேசட் இறங்கியது. முக்கால்வாசி, கும்பகோணத்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிந்தவை. அட்டையில் அவர் கையெழுத்து: 'ஏ பக்கம் 7, இரண்டாம் சரணம் கேட்க'. ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றி வருகிறேன். நான் கேட்பதில் உறுத்தல் இல்லை. ஆனால் 800 பேர் இருக்கும் டெலிகிராம் குழுவில் 'போடுங்க சார், புண்ணியமாப் போகும்' என்கிறார்கள். சந்தா கட்டிக் கேட்கும் செயலியில் இவற்றில் 13 பாட்டு இல்லவே இல்லை. போட்டால் தப்பா? சட்டத்தை மட்டும் கேட்கவில்லை.

டேப்ஹெட்:
1983 முதல் 1990 வரை அப்படி ஒரு கடையில் வேலை பார்த்தவன் நான். ஒரு எல்பி (பெரிய இசைத்தட்டு) வாங்குவோம், ஊருக்கே பதிந்து கொடுப்போம். 60 நிமிட கேசட்டுக்குப் பன்னிரண்டு பதிமூன்று பாட்டு. 90 நிமிட கேசட் கேட்டால் முதலாளி வேண்டாம் என்பார். டேப் மெலிசு, சிக்கிக்கொள்ளும். உங்கள் அப்பா கொடுத்த காசில் கேசட் விலை, எங்கள் கூலி, கரண்டு பில் எல்லாம் உண்டு. பாடியவருக்கும் எழுதியவருக்கும் ஒரு பைசா கிடையாது. திருட்டு என்று அப்போது உறைக்கவே இல்லை. வாசலில் ஸ்பீக்கர் வைத்துத்தான் செய்தோம்! (பிளேயரில் டேப் உரசும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு ஏற்றுங்கள். சத்தம் மந்தமாக இருந்தால் ஹெட் பக்கத்து ஸ்குரூவை லேசாகத் திருப்பிப் பாருங்கள்.)

குமாஸ்தா:
ஒலிப்பதிவு உரிமை, வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து 60 ஆண்டு. 1964-ல் வந்த இசைத்தட்டுக்கு 2024 கடைசியோடு தீர்ந்தது. வரிக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு. படைத்தவர் இறந்த பிறகு 60 ஆண்டு. பட்டுக்கோட்டையார் 1959-ல் மறைந்தார், அவர் வரிகள் பொது. கண்ணதாசன் மறைந்தது 1981-ல்; 2041 முடியும்வரை பொறுக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் கொஞ்சம் இடம் உண்டு. 800 பேர் சொந்த உபயோகமா?

சரணம்:
சின்னப் படங்களுக்கு நாலைந்து பாட்டு எழுதியவன் நான். அந்தச் சட்டத்தில் வந்த 2012 திருத்தத்துக்கு அப்புறம் ராயல்டி பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோதான். எனக்கு வருவது டீக்காசு. ஆனாலும் என் பெயரில் வருகிறது. குழுக்களில் பாட்டைப் போடுகிறவர்கள் எழுதியவன் பெயரையே விட்டுவிடுகிறார்கள், அதுதான் எரிகிறது. செயலியில் கிடைப்பதைப் போடாதீர்கள். எங்குமே கிடைக்காத 13 பாட்டைப் போட்டு யார் வயிற்றில் அடிக்கப் போகிறீர்கள்?

குமாஸ்தா:
அண்ணே, 'கடையில் கிடைக்கவில்லை' என்று சட்டத்தில் விலக்கு கிடையாது.

சரணம்:
தெரியும் தம்பி. அவர் சட்டத்தை மட்டும் கேட்கவில்லையே.

காவிரிக்கரையான்:
பாட்டு எதையும் போடவில்லை. 13 பாட்டின் பட்டியலை மட்டும் போட்டேன், எழுதியவர், இசை, பாடியவர் பெயரோடு. ஏழெட்டு பேர் திட்டினார்கள். திருவாரூர்க்காரர் ஒருவர், அதில் நாலு பாட்டுக்கு இசைத்தட்டே தன்னிடம் இருக்கிறது, வந்து கேளுங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். ஸ்குரூவைத் திருப்பினேன் டேப்ஹெட் சார், சத்தம் தெளிந்துவிட்டது.