நாஜி சுவரொட்டி: எழுத்தும் ஆண்டும் ஒத்துவரவில்லை, உதவுங்கள்

வடிவமைப்பு மாணவர்களுக்குப் பாடம் எடுக்க ஒரு நாஜி சுவரொட்டிப் படத்தை வைத்திருக்கிறேன். படத்தின் கீழே 1943 என்று இருக்கிறது. எழுத்துதான் இடிக்கிறது: தடித்த, ஒடிந்த ஜெர்மன் கோத்திக். வளைவே இல்லை, 'ஓ' கூடக் கட்டங்கட்டமாக முறிந்து நிற்கிறது. மேலே கழுகு, அதன் காலடியில் ஓக் இலை வளையத்துக்குள் ஸ்வஸ்திகா.

1930களின் டானென்பர்க் எழுத்துருவோடு ஒப்பிட்டேன். பெரிய எழுத்துகள் பொருந்துகின்றன, சின்னவை பொருந்தவில்லை. கூகுளில் படத்தைப் போட்டுத் தேடினால் எங்கும் அதே 1943. அச்சகப் பெயர் இருக்கும் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது.

ஆனால் 1941 ஜனவரி 3இல் நாஜிக் கட்சியின் உயர் அதிகாரி போர்மனின் சுற்றறிக்கை இவ்வகை எழுத்துகளை 'யூத எழுத்து' என்று பொய் சொல்லி விலக்கிவிட்டதே! (அந்தத் தாளின் முகப்பே கோத்திக்கில்தான் அச்சாகியிருந்தது.) தப்பான ஆண்டை மாணவர்களுக்குச் சொல்ல மனம் வரவில்லை.

அந்தத் தடைக்குப் பிறகு கோத்திக்கில் அச்சான, ஆண்டு உறுதியான சுவரொட்டி ஒன்றை யாராவது காட்ட முடியுமா?