காட்பாடியிலிருந்து மிரிசா: திமிங்கிலம் பார்க்கப் போனவர்கள் வழி சொல்லுங்கள்

ஜனவரியில் அம்மாவோடு இலங்கையின் தென்கரையில் இருக்கும் மிரிசாவுக்கு நீலத்திமிங்கிலம் பார்க்கப் போகிறோம். நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் அந்தப் பக்கம் கடல் அமைதி. காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் விமான நிலையம், இதுவரை சரி. அப்புறம்தான் குழப்பம். விமானம் இறங்குவது கொழும்புக்கு வடக்கே கட்டுநாயக்காவில், படகோ காலை 6.30 வாக்கிலேயே கிளம்பிவிடும், அதனால் முந்தின நாளே மிரிசா போய்ச் சேர வேண்டும். கொழும்பு கோட்டை ரயில் நிலையத்திலிருந்து கடலோர ரயிலில் போகலாமா, இல்லை நேராக வேன் பேசிவிடலாமா? எனக்கு ரயில்தான் ஆசை, ஆனால் பெட்டிகளையும் அம்மாவையும் ஏற்றி இறக்க வேண்டுமே! இன்னொன்று, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் ஏழாவதிலேயே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டவர் அம்மா. நாலு மணி நேரம் படகில் தாங்குவாரா? வயதானவர்களைக் கூட்டிப்போன அனுபவம் இருந்தால் சொல்லுங்களேன்.