எச்எம்பி-45 மெலனோமாவை மட்டும்தான் பிடிக்குமா?

வந்தாறுமூலை மாணவி:
உள்ளங்கால் மெலனோமா (நிறமிச் செல்களில் வரும் தோல் புற்றுநோய்) ஸ்லைடில், அதைக் கண்டுபிடிக்கப் போடும் எச்எம்பி-45 ஆன்டிபாடியைப் போட்டோம், நல்ல பழுப்பு. ஆனால் தோல் நிறமியான மெலனினும் பழுப்புத்தானே, அப்போ ஆன்டிபாடிதான் ஒட்டியிருக்கிறது என்று எப்படி நம்புவது?

கல்முனை லேப்காரன்:
தங்கச்சி, ஆன்டிபாடி ஒட்டிய இடத்தைப் பழுப்பாகக் காட்டும் டிஏபியை விட்டு ஏஈசி போடுங்க, சிவப்பாக வரும். அது அல்ககோலில் கரையும், அதனால் ஸ்லைடை மூடி ஒட்ட தண்ணீர் சார்ந்த மவுண்டன்ட் மட்டும்தான். அதே திசுவின் அடுத்த சீவலில் எச்எம்பி-45க்குப் பதிலாக அதே செறிவில் சும்மா எலி ஐஜிஜி1 (அதே வகை, ஆனால் மெலனோமாவைக் குறிவைக்காத ஆன்டிபாடி) போட்டுப் பாருங்க. அதிலும் சிவந்தால் முதல் ஸ்லைடை நம்ப முடியாது.

காத்தான்குடி நானா:
அது சரி, ஆனால் அந்த ஐஜிஜி1 கட்டுப்பாட்டு ஸ்லைடு சுத்தமாக வந்தாலும் மெலனோமாவை மட்டும்தான் பிடிக்கிறது என்று ஆகாது, வேறு திசுக்களிலும் போட்டுப் பார்க்கணும். சிறுநீரகத்தில் வரும் ஆஞ்சியோமயோலிப்போமா என்ற கட்டியும் எச்எம்பி-45 எடுக்கும், சாதாரண மச்சத்தின் மேல்பகுதியும் எடுக்கும். நார்த்திசு நிறைந்த டெஸ்மோபிளாஸ்டிக் மெலனோமாவோ பெரும்பாலும் எடுக்காது, அங்கே சாக்ஸ்10 அல்லது எஸ்100 என்ற வேறு ஆன்டிபாடி வேணும். எஸ்100 கிட்டத்தட்ட எந்த மெலனோமாவையும் தவறவிடாது, ஆனால் நரம்பையும் சேர்த்து நிறமேற்றிவிடும். ஒன்றை மட்டும் நம்பி ரிப்போர்ட் எழுதுபவர்களைக் கண்டால் எனக்குப் பயம்தான்.

வந்தாறுமூலை மாணவி:
நன்றி நானா. ஏஈசி இருக்கிறதா என்று நாளைக்கே கேட்கிறேன். மச்சத் துண்டு ஒன்றும் பக்கத்தில் வைக்கிறேன்.