தம்பியின் கொலிஜ் விண்ணப்பம்

அம்மா: எல்லோரும் ஒருக்கால் பாருங்கள். இவன் பெப்ரவரி 1க்கு முன்னம் கொலிஜ் விண்ணப்பம் போட வேண்டுமாம். ரொறன்ரோவில், ஸ்காபரோவில் இருக்கிற சென்டெனியல் கொலிஜில் ட்ரக் மெக்கானிக் படிக்கப் போகிறானாம். யூனிக்கு (பல்கலைக்கழகத்துக்கு) போகிற அளவுக்கு மார்க்ஸ் இருக்கிறது. என்ன சொல்கிறீர்கள்?

சித்தப்பா: மார்க்ஸ் இருந்தால் யூனிக்கே அனுப்புங்கள் மச்சாள். கொலிஜுக்கு வேண்டுமென்றால் பிறகும் போகலாம்.

அண்ணா: சித்தப்பா, நான் சென்டெனியலின் ஆஷ்டன்பி வளாகத்தில் படித்தவன், கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். சென்டெனியலின் வளாகங்கள் ஒன்றுபோல இல்லை. ஆஷ்டன்பிக்குள் போனால் கார், ட்ரக், பஸ், கனரக இயந்திரம் எல்லாம் கண்முன்னால் நிற்கும். கழற்றிப் பூட்டித்தான் படிப்பு. தம்பி கேட்கிற தொழிலின் குறியீடு 310ரி, அதாவது 'ட்ரக் அண்ட் கோச்', ட்ரக்கும் பஸ்ஸும். கார் என்றால் 310எஸ். அப்பிரண்டிஸ் (தொழில் பழகுநர்) வழியில் போனால் பெரும்பகுதி வேலை செய்யும் இடத்தில்தான், சம்பளத்தோடு. வகுப்பு மூன்று கட்டம், ஒவ்வொன்றும் 8 வாரம். கடைசியில் பரீட்சை. ஒன்ராறியோவில் அந்தச் சான்றிதழ் இல்லாமல் இந்த வேலையைச் சட்டப்படி செய்ய முடியாது, அதனால்தான் அதற்கு மதிப்பு. ரெட் சீல் என்ற கனடா அளவிலான அங்கீகாரமும் கிடைத்தால் மற்ற மாகாணங்களிலும் செல்லும். மார்க்ஸ் குறைந்தவன் போகிற இடம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். இன்றைய ட்ரக்கில் பாதி எலெக்ட்ரோனிக்ஸ். கணக்கும் பௌதிகமும் தெரிந்த பிள்ளைதான் முன்னுக்கு வருவான்.

அக்கா: ஓம். மோர்னிங்சைட் வளாகத்தில் நானும் அப்படித்தான் பார்த்தேன். நேர்ஸிங், பரமெடிக் எல்லாம் அங்கே. பரமெடிசின், யூ ஒஃப் ரி ஸ்காபரோவோடு (ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தோடு) சேர்ந்த படிப்பு, பட்டமும் கிடைக்கும். கொலிஜா யூனியா என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை சித்தப்பா.

சித்தப்பா: அது எனக்குத் தெரியாது. நல்ல விஷயம்.

பெரியப்பா: ஒன்ராறியோவின் முதல் பொதுக் கொலிஜே சென்டெனியல்தான். 1966இல் ஸ்காபரோவில் வார்டன் வீதிப் பக்கம் தொடங்கியது. அப்போது மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த பில் டேவிஸ் கொண்டுவந்த திட்டம். ஊர்ப்பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய் வேலைக்குரிய படிப்பைப் படிக்கட்டும் என்ற எண்ணம். ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் அங்கே படித்துத் தலைநிமிர்ந்தார்கள்! தம்பிக்கு விமானம் பிடிக்குமே, சென்டெனியலின் டவுன்ஸ்வியூ வளாகத்தையும் பார்க்கச் சொல். பழைய டி ஹாவிலண்ட் விமானத் தொழிற்சாலையில் 2019இல் திறந்த வளாகம், விமானப் பராமரிப்புப் படிப்பு.

அண்ணா: இன்னொன்று, இது முக்கியம். வெளிநாட்டு மாணவர் விசாவுக்கு 2024இல் அரசு உச்சவரம்பு வைத்த பிறகு கொலிஜ்களுக்கு வருமானம் விழுந்துவிட்டது. 2025இல் சென்டெனியல் 49 படிப்புகளுக்குப் புதிய சேர்க்கையை நிறுத்தியது. பழைய கையேட்டைப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டாம். அனுமதிப் பிரிவில் கேட்டு, அந்தப் படிப்புக்கு இந்த வருடம் ஆள் எடுக்கிறார்களா என்று உறுதி செய்த பிறகு போடு தம்பி.

அம்மா: பெப்ரவரி 1 தாண்டினால்?

அக்கா: சித்தி, அதற்கு முன் வந்த விண்ணப்பங்களைச் சமமாகப் பார்ப்பார்கள். பிறகு போட்டால் இடம் மிச்சமிருந்தால்தான். மொத்தம் ஐந்து தெரிவு போடலாம், ஒரு கொலிஜில் மூன்றுக்கு மேல் முடியாது. ஓசாப்புக்கு (மாகாண அரசின் மாணவர் நிதி உதவிக்கு) தனி விண்ணப்பம், அதை மறந்துவிட வேண்டாம்.

சித்தப்பா: அப்பிரண்டிஸ் என்றால் வேலைக்கு எடுக்க ஒரு முதலாளி வேண்டுமே?

அண்ணா: வேண்டும். நான் வேலை செய்கிற கராஜில் கேட்கிறேன். ரிரிசியின் (ரொறன்ரோ நகரப் போக்குவரத்துச் சேவையின்) பஸ் கராஜ்களிலும் இந்தச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு வேலை உண்டு, அதைப் பிறகு பார்க்கலாம்.

தம்பி: நன்றி அண்ணா. ட்ரக் அண்ட் கோச் முதல் தெரிவு, டவுன்ஸ்வியூ இரண்டாவது. மூன்றாவதை அக்காவோடு கதைத்துவிட்டுப் போடுகிறேன்.

அம்மா: சரி. சனிக்கிழமை ஆஷ்டன்பிக்குக் கூட்டிக்கொண்டு போ மகன், நானும் வருகிறேன்.

அண்ணா: சனிக்கிழமை ஆட்கள் இருப்பார்களோ தெரியாது சித்தி. வெள்ளி மத்தியானம் போவோம்.