குறுந்தொகை 25: கொக்கோட காலை எதுக்கு சொல்றா?

மலர்87:
தம்பி பி.ஏ தமிழ் படிக்கிறான், சொல்லிக்குடுக்கப் போய் நானே மாட்டிக்கிட்டேன். கபிலர் பாட்டு, மொத்தமே அஞ்சு வரிதான்

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

யாரும் இல்லைன்னு ஆரம்பிச்சு கடைசில கொக்கு இருந்துச்சுங்குறா. மணந்த ஞான்றுன்னா கல்யாண நாள்தானே, கல்யாணத்துக்கு சாட்சி சொல்ல ஆளா கிடைக்காது? அவன் மேல கோவமா இல்ல வேற ஏதாவதா, பிடிபடல.

பழையபேப்பர்:
இங்க மணந்தன்னா கல்யாணம் இல்லைங்க, கூடுனது. களவுக்காலம், அதாவது கல்யாணத்துக்கு முன்னாடி ரகசியமா பழகுற காலம், ஊருக்கே தெரியாது, தலைவி தோழிகிட்ட பொலம்புறா. அதனாலதான் சாட்சிப் பிரச்சனையே வருது. குருகும்ல இருக்கிற அந்த 'உம்'மை விட்டுறாதீங்க, மனுசங்க யாரும் இல்ல, ஒரு கொக்கு வேணா நின்னுச்சு, அதுவும் ஓடுற தண்ணில ஆரல் மீன் எப்ப வரும்னு பாத்துக்கிட்டு. நாட்டாமை கூப்ட்டு கேட்டாலும் அது என்னத்த சொல்லும்?

கொல்லிமலையான்:
கொக்கே அவன்தான் சார், மீன் இவ. மீன் சிக்கற வரைக்கும் தவம், அப்புறம் பறந்துருவான். பக்கா ஃபிராடு.

செவ்வந்தி:
மீன் உவமை சரி, ஆனா ஃபிராடுன்னு முடிச்சுட்டா பாட்டு சின்னதாயிடும். பொய்ப்பின்னுதான் சொல்றா, பொய் சொன்னான்னா என்ன பண்ணுவேன்னு, அவன் இன்னும் சொல்லவே இல்ல. கள்வன்னு வையும்போதே கொஞ்சம் ஆசையும் ஒட்டிக்கிட்டுதான் இருக்கு, கோவத்தை விட பயம்தான் ஜாஸ்தி.
எனக்கு அந்தக் கால்தான் விசயமே. கொக்குன்னா நமக்கு வெள்ளை றெக்கை, நீள மூக்கு ஞாபகம் வரும், இவளுக்கு தினைத்தாள் மாதிரி மெல்லிசா பசேல்னு இருந்த கால் மட்டும் ஞாபகத்துல நிக்குது. ஏன்னா வெக்கத்துல தலை நிமிரவே இல்ல, கண்ணு தண்ணி மட்டத்துலயே இருந்துருக்கு. உரைல இப்படி இருக்கான்னு கேக்காதீங்க, இது என் வாசிப்பு.

மலர்87:
ஐயோ அக்கா இது நல்லாருக்கே!! தம்பிகிட்ட சொன்னேன், "அப்ப அவன் மூஞ்சியக் கூட சரியா பாக்கலியா, எப்டி அடையாளம் சொல்லுவா"ங்குறான். பரீட்சைல இத எழுதலாமா?

பழையபேப்பர்:
முதல்ல குறிஞ்சித் திணை, தலைவி கூற்றுன்னு மார்க் வாங்குற அளவுக்கு எழுதச் சொல்லுங்க, கடைசி பாராவுல கால வைக்கட்டும்.