யுகேஜியில் சங்குப்பூச் சாயம்: கேள்வி பிள்ளைகளிடமிருந்து வர என்ன செய்யலாம்?

மழலை_வகுப்பு:
24 பிள்ளைகள், ஒரு ஆயாம்மா, 40 நிமிஷப் பீரியட். சுவரோரம் சங்குப்பூக் கொடி நிறையப் பூக்குது. அதில் சாயம் எடுத்து வரைய வைக்கணும். ஆனா "எலுமிச்சை விட்டா நிறம் மாறும் பாருங்க"ன்னு நான் செஞ்சு காட்ட, அவங்க கை தட்ட, அதோட முடியக் கூடாது. எங்கே ஆரம்பிக்கிறது? இன்னொன்று: தாளில் பூசினதும் நீலம் பச்சையடிக்குது. ஏன்?

தாளும்_தூரிகையும்:
முதல் நாள் சாயமே வேண்டாம் மிஸ். ஆளுக்கு ஒரு பூ, ஒரு பென்சில், மேஜைக்கு ஒரு லென்ஸ். பூவைப் பார்த்து வரையட்டும். நீங்க போர்டில் வரைஞ்சீங்கன்னா 24 தாளிலும் உங்க பூதான் இருக்கும். முடிச்சிட்டேன்னு வர்ற பிள்ளைகிட்ட "தொண்டைப் பக்கம் என்ன நிறம்?"னு மட்டும் கேளுங்க. திரும்பிப் போய்ப் பார்க்கும். அங்கே வெள்ளையும் மஞ்சளும் இருக்கும், அதிலிருந்து மெல்லிய கோடுகள் கிளம்பும். வரைஞ்சதும் பூவை மடிச்ச தாளுக்குள்ள வெச்சு ஸ்பூனின் பின்பக்கத்தால் தட்டச் சொல்லுங்க. நீலம் தாளில் இறங்கும். "இலையைத் தட்டினா?", "வெள்ளைப் பூவைத் தட்டினா?" மாதிரிக் கேள்விகள் பெரும்பாலும் இங்கேதான் கிளம்பும். அப்படியே, அவங்க பேச்சிலேயே, பேரோட சார்ட்டில் எழுதுங்க. "ஏன்?"னு கேட்டா இந்த வயசில் சும்மா ஒரு பதில் வரும். "என்ன செஞ்சா தெரியும்?"னு கேட்டா கை வேலை செய்யும்.

மறுநாள் சாயம். அடியிலிருக்கும் பச்சைக் கிண்ணத்தைக் கிள்ளிட்டு 40 இதழ்களை 200 மில்லி வெந்நீரில் 10 நிமிஷம் ஊற வெச்சு வடிகட்டுங்க. இது உங்க வேலை, வகுப்புக்கு வெளியே. ஆறினதும் நாலு பேருக்கு மூணு கிண்ணம், ஒவ்வொன்றிலும் ரெண்டு டீஸ்பூன். ஒன்றுக்கு எலுமிச்சைச் சாறு, ஒன்றுக்கு ஆப்ப சோடா கரைச்ச தண்ணி, மூணாவதில் எதுவும் விடக் கூடாது. அந்த மூணாவதைத்தான் பலரும் விட்டுடறாங்க; அது இல்லாம எதோட ஒப்பிடறது? சாறை மூடி நிறையக் கொடுத்தா ஒரே ஊற்று, நேரா ரோஸ். நடுவில் வர்ற ஊதா கண்ணிலேயே படாது. இங்க் ஃபில்லரில் பத்துச் சொட்டு போதும். ஒரு சொட்டு, நிறுத்து, பாரு.

நிறக்குடுவை:
பச்சையடிக்க ரெண்டு காரணம் இருக்கலாம். போர் தண்ணீர் பல ஊர்களில் காரத்தன்மை உள்ளது. சங்குப்பூ நீலம் காரம் பட்டால் பச்சைப் பக்கம் சாயும். கேன் தண்ணீரில் ஒரு தடவை ஊற வைத்துப் பாருங்கள். அடுத்தது தாள். பெரும்பாலான ஜெராக்ஸ் தாளில் கால்சியம் கார்பனேட் சேர்ப்பதால் அதுவும் காரம்தான். வெள்ளைப் பருத்தித் துணியிலும் அதே சாயத்தைப் பூசினால் வித்தியாசம் தெரிந்துவிடும். இதை நீங்களே சரிசெய்து வைத்துவிடாதீர்கள், தாளையும் துணியையும் பக்கத்தில் வைத்து விடுங்கள். நல்ல கேள்வி ஒன்று கையிலேயே இருக்கிறது.

அடுத்த வாரம் மஞ்சள்தூள். ஒரு டீஸ்பூனை நாலு டீஸ்பூன் தண்ணீரில் கலக்கித் தாள் முழுக்கப் பூசிக் காயவிடுங்கள். தூள் அடியில் தங்கும், அடிக்கடி கலக்க வேண்டும். காய்ந்த தாளில் சோடாத் தண்ணீர் தொட்டு வரைந்தால் செம்பழுப்புக் கோடு வரும். அதன்மேல் எலுமிச்சை பட்டால் மறுபடி மஞ்சள். "போன நிறம் திரும்ப வருமா?" என்று யாராவது கேட்கும்வரை எலுமிச்சையை வெளியே எடுக்காதீர்கள்.

கொடியும்_கிளையும்:
பாதுகாப்பு பற்றி. சிவப்பு பளிச்சென்று வருமே என்று சுண்ணாம்பு கொடுக்காதீங்க, கண்ணில் பட்டா பெரிய ஆபத்து. தோட்டத்தில் பூ பொறுக்க விடுமுன் அரளி, எருக்கு, ஊமத்தை, குன்றிமணி இருக்கான்னு நீங்க முதலில் சுத்தி வாங்க. எருக்கம்பால் கண்ணுக்கு ஆகவே ஆகாது. எதையும் ருசி பார்க்கக் கூடாதுன்னு ஆரம்பத்திலேயே சொல்லிடுங்க.

மழலை_வகுப்பு:
நன்றி. வரைஞ்சது வெளுத்துப் போகாம இருக்க என்ன செய்யலாம்?

நிறக்குடுவை:
வெளுக்கத்தான் செய்யும்; அதிலும் மஞ்சள்தூள் நிறம் வெயிலில் சீக்கிரமே வெளுக்கும். வீட்டுக்குக் கொடுப்பதை முதலில் போட்டோ எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு தாளில் பாதியைக் கெட்டி அட்டையால் மூடி ஜன்னலில் ஒட்டுங்கள். ஒரு வாரம் கழித்து அட்டையைப் பிள்ளைகளே எடுக்கட்டும். அதற்கு முன், எந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று ஒவ்வொருவரையும் வரைந்து வைக்கச் சொல்லுங்கள்.