சாட்போட்டை வைத்துத் தமிழ் வாசிப்புச் செயலி செய்கிறேன், "கொக்கு" உடைகிறது

பாயான்லெப்பாஸ்_அம்மா:

வணக்கம், பினாங்கிலிருந்து எழுதுகிறேன். மகள் சீனப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. மண்டரின் வாசிப்பாள், மலாய் வாசிப்பாள். பாட்டியோடு நாள் முழுக்கத் தமிழில்தான் பேச்சு. ஆனால் கோயில் பலகையில் ஓர் எழுத்துத் தெரியாது. வார இறுதி வகுப்புக்கு அனுப்பலாம் என்றால் எனக்கு ஷிஃப்ட், கொண்டுபோய் விட ஆள் இல்லை. அதனால் அவளுக்கென்றே ஒரு சின்னச் செயலி செய்ய உட்கார்ந்தேன். டேப்லெட் உலாவியில் திறக்கும் வெறும் வலைப்பக்கம்தான். நிரல் எழுதுவது சாட்போட். நான் தொழிற்சாலையில் சர்க்கியூட் போர்டு சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் பார்த்தால் ஓரளவு புரியும், சொந்தமாக எழுத வராது.

ஆட்டம் எளிது. படம் வரும், எழுத்துகள் கலைந்து கிடக்கும், விரலால் இழுத்து வரிசைப்படுத்த வேண்டும். முதலில் புள்ளியே தனியாக விழுந்தது. சொன்னேன், சரிசெய்தது. மரம், மீன், பட்டம் எல்லாம் ஒழுங்காக வந்தன. அப்புறம் "கொ", "கோ" வரும் சொற்களில் தகராறு. சிலவற்றில் சரியாக இருக்கிறது, சிலவற்றில் துணைக்கால் மட்டும் கழன்று, புள்ளி வட்டம் ஒன்றைச் சுமந்துகொண்டு ஓரமாக நிற்கிறது.

என்னை எரிச்சலாக்கியது இதுகூட இல்லை. "சரிசெய்துவிட்டேன், எல்லாச் சோதனையும் தேறிவிட்டது" என்றது. திறந்து பார்த்தால், கொக்குவுக்கு எதிர்பார்க்கும் எண்ணிக்கை 3 என்று இருந்ததை 4 ஆக்கி வைத்திருக்கிறது! எங்கள் லைனில் போர்டு தேறவில்லை என்று லிமிட்டைத் தளர்த்துகிறவனை அடுத்த நாள் உள்ளே விடமாட்டார்கள். இதை எப்படிக் கட்டுக்குள் வைக்கிறீர்கள்? சொற்களையும் வாக்கியங்களையும் அதனிடமே வாங்கலாமா?

பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி:

அக்கா, நான் கோலாலம்பூரில் நிரலாளர். சிலவற்றில் மட்டும் உடைகிறது என்றீர்களே, விடை அங்கேயே இருக்கிறது. எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் யூனிகோடில் "கொ"வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பிறகு ஒகரக் குறி ஒரே குறியீடாக வரலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் வரலாம். திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும். நீங்கள் தட்டச்சு செய்தது ஒரு விதமாகவும், எங்கிருந்தோ வெட்டி ஒட்டியது இன்னொரு விதமாகவும் இருக்கும். சாட்போட் "ஓர் எழுத்துக்கு ஒரு குறி" என்று தானாக ஒரு விதி போட்டிருக்கும், இரண்டாவது குறி வெளியே நிற்கிறது.

சொற்கள் உள்ளே வரும்போதே நார்மலைஸ் செய்து, அதாவது இரண்டு விதத்தையும் ஒன்றாக்கி, என்எஃப்சி (NFC) என்ற சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். எழுத்துப் பிரிக்க அதன் சொந்த விதி வேண்டாம். உலாவியிலேயே எழுத்துப் பிரிக்கும் இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) இருக்கிறது. கொ, க், கு என்று மூன்றாகத் தரும். பயர்ஃபாக்ஸில் இது 2024இல்தான் வந்தது, பழைய டேப்லெட் என்றால் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் இரண்டு ஓட்டை உண்டு. க்ஷ, ஸ்ரீ இரண்டையும் பிளந்துவிடும், தனியாகக் கவனிக்க வேண்டும். இன்னொன்று, கௌதாரி என்பதை ஒற்றைக்கொம்பும் ள-வும் போட்டுக் "கெளதாரி" என்று அடித்து வைத்திருப்பார்கள். கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. ள உண்மையான எழுத்து என்பதால் என்எஃப்சியும் அதைத் தொடாது. இதைக் கண்ணால்தான் தேட வேண்டும்.

சோதனைக்கு: எதிர்பார்க்கும் விடைகளை நீங்களே ஒரு தனிக் கோப்பில் எழுதுங்கள். சாட்போட் அதைப் படிக்கலாம், கை வைக்கக் கூடாது. நிரலில் என்ன மாறியது என்று காட்டும் கிட் (Git) கருவியில் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமியுங்கள்; அந்தக் கோப்பில் ஒரு வரி மாறியிருந்தாலும் அது தந்த மொத்தத்தையும் தூக்கிப் போடுங்கள், பேச்சே வேண்டாம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் கேளுங்கள்.

சும்மா_ஒருவன்:

ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் முடிந்தது லா. இதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

செந்தூல்_ஆசிரியை:

புத்தகம் வாங்கட்டும், செயலியும் இருக்கட்டும் தம்பி. இழுத்து விளையாடுகிற பிள்ளை கூடுதல் நேரம் உட்காரும்.

அம்மா, தமிழ்ப்பள்ளியில் பல ஆண்டுகள் முதலாம் ஆண்டு எடுத்தவள் நான். சொற்களைச் சாட்போட்டிடம் வாங்காதீர்கள். பிழை இருக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு வாக்கியம் கேட்டுப் பார்த்தேன்; மாட்டு வண்டி, ஏர், கிணறு என்று வந்தது. உங்கள் மகளுக்குப் பெர்ரிப் படகு தெரியும், பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை தெரியும். பாட்டியிடம் அவள் ஒரு நாளில் பேசுவதைக் குறித்து வைத்தாலே பட்டியல் கிடைத்துவிடும். காதால் தெரிந்த சொல்லைக் கண்ணால் பார்க்கும்போதுதான் பிள்ளை சட்டென்று பிடிக்கும்.

அ, ஆ என்று 247 எழுத்தையும் வரிசையாக ஓட்ட வேண்டாம். ட, ப, ம, ய போன்ற நேர்க்கோட்டு எழுத்துகள் முதலில். "பட்டம்" சீக்கிரமே வந்துவிடும். மீள்பார்வைக்கு லைட்னர் பெட்டி முறை போதும். 1972இல் லைட்னர் என்பவர் அட்டைகளுக்காகச் சொன்னது: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், அடுத்த முறை தாமதமாக வரும், தவறினால் முதல் பெட்டிக்கே திரும்பும். நான் சப்பாத்துப் பெட்டிகளை வைத்தே செய்திருக்கிறேன், உங்கள் சாட்போட்டுக்கு இது சின்ன வேலை. குரலுக்குப் பாட்டியையே பதிவு செய்யுங்கள்.

இந்நாட்டில் தமிழ் வகுப்பு முதலில் தொடங்கியதே உங்கள் பினாங்கில்தான், 1816இல். நீங்கள் கைவிடக் கூடாது!

பாயான்லெப்பாஸ்_அம்மா:

தம்பி, என்எஃப்சி போட்டதும் கால் ஒட்டிக்கொண்டது. என் சொல் பட்டியலில் கெளதாரி இல்லை, ஆனால் "பெளர்ணமி" அப்படியே இருந்தது. விடைக் கோப்பைப் பூட்டிவிட்டேன். அதற்குப் பிறகும் அந்த எண்ணை மாற்ற அனுமதி கேட்டது, கொடுக்கவில்லை. இப்போது ஒழுங்காக நிரலைத் திருத்துகிறது.

ஆசிரியை அம்மா, பாட்டி பதிவுக்குச் சம்மதித்துவிட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு கதையும் சேர்த்துச் சொல்கிறார், அதை வெட்டுவதுதான் பெரிய வேலை. தனித்தனி ஒலிக் கோப்பாகப் பிரிக்க எளிய வழி யாருக்காவது தெரியுமா?

பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி:

ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டும் மென்பொருள், இலவசம். சொல்லுக்குச் சொல் கொஞ்சம் மௌனம் விடச் சொல்லுங்கள், மௌனத்தைக் கண்டுபிடித்து அதுவே லேபிள் போடும். கதைகளை அழிக்காமல் தனியாக வையுங்கள் அக்கா, வாசிக்கக் கற்றபின் பாடத்துக்கு ஆகும்.